பெரியவர் போயிட்டார்

வீட்டில் காஸ் தீர்ந்து போனால் தூரப்பார்வைக்குத் தெரியாது. குழாய் ஒழுகினால் தெரியாது. எதிரே பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அதுவும் தெரியாது. ஆனால் கடலுக்கு நடுவே ஏதோ ஒரு மணல் திட்டில் ஒரு உள்ளான் குருவி நின்றால், அதன் காலில் வளையம் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அவருக்குத் தூரப்பார்வை என்று பேர் வைத்தவள் அவர் பெண்டாட்டிதான். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பாள். "ஊர்ல எல்லார் பார்வையையும் சரி பண்ணிட்டேன், இந்த மனுஷனுக்கு மட்டும் ஒரு கண்ணாடியும் பொருந்த மாட்டேங்குது" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள். தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பேர்.

மற்ற பறவை பார்க்கும் பைத்தியங்களைப் போலக் குளிர் மாதத்தில் மட்டும் தீவுக்குப் போய்த் தொலைந்தால் பரவாயில்லை. இவர் வருஷம் பூராவும் போவார். குளிரில் போனால் எங்கெங்கிருந்தோ பறந்து வந்த கூட்டம் நிற்கும், சரி. கொளுத்துகிற வெயிலில் எதற்கு என்று கேட்டால், "ஆலாப் பறவை முட்டை போடற நேரம்" என்பார். மழைக்காலத்தில் படகுக்காரனே வேண்டாம் சார் என்று கும்பிடுவான், அவனைத் தாஜா பண்ணிக் கூட்டிக்கொண்டு போவார். ஒன்றுமே இல்லாத மாதம் என்று ஒன்று உண்டு, மணலும் நண்டும் காக்காயும்தான் மிச்சம். அதற்கும் போவார். "விருந்தாளி வந்திருக்கும்போது எட்டிப் பார்க்கறது என்ன பெரிய காரியம்? எல்லாரும் போனதுக்கப்புறம் யார் இருக்காங்கன்னு பார்க்கணும்" என்பது அவர் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றைக் கல்யாணமானதிலிருந்து கண்ணால் காணாதவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அது போதாதென்று அவர்கள் கும்பலுக்கு ஒரு ரகசிய பாஷை வேறு. கும்பல் என்றால் இவர், ஒரு பல் டாக்டர், ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர், இன்னும் இவர்களைப் போலவே வீட்டில் வேலை வெட்டி செய்யாத சிலர். ஒருமுறை ஆலா முட்டையிட்டிருக்கும் இடத்தை யாரோ வெளியில் உளறிவிட்டார்கள். மறுநாளே படகு படகாக ஆட்கள் இறங்கி, செல்ஃபி எடுக்கிறேன் என்று முட்டைகளை எல்லாம் மிதித்து நாசம் பண்ணிவிட்டார்கள். அன்றைக்குப் பல் டாக்டர் போனில் அழுதாராம். அதிலிருந்து பறவைகளின் பேரைச் சொல்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் உறவுமுறை. பூநாரைக் கூட்டத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்று பேர். மொத்தமாக வந்து இறங்கி, தண்ணீரைக் கலக்கிவிட்டு, திருப்தியில்லாத மாதிரி கிளம்பிப் போவார்களாம். வளைந்த நீள மூக்கு உள்ளவள் அத்தை. கல்லைக் கல்லாகப் புரட்டிப் பார்க்கிறவன் சின்ன மாமா. கலங்கரை விளக்கம் நிற்கிற வெளிச்சக்கூண்டுத் தீவில், பட்டுப்போன மரத்தின் உச்சியில், வருஷம் பூராவும் இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற கிழட்டுக் கடல் கழுகுதான் பெரியவர்.

இந்தச் செய்தியெல்லாம் பரிமாறிக்கொள்ள போனில் ஒரு குரூப். வெளியாள் யாராவது பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதே என்று மூளையைக் கசக்கி அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். 'நம்ம குடும்பம்' என்று.

நிஜமான குடும்பத்துக்கும் ஒரு குரூப் இருந்தது. அதன் பேர் 'குடும்பம்'.

என்றைக்காவது ஒருநாள் இது சந்தி சிரிக்கப் போகிறது என்று கண்ணாடிக்காரி தலைபாடாக அடித்துக்கொண்டாள். "பேரை மாத்துங்க, இல்லைன்னா குரூப் படத்தையாவது மாத்துங்க" என்றாள். "மாத்தலாம், மாத்தலாம்" என்றார் தூரப்பார்வை. காஸ் சிலிண்டருக்கும் அதைத்தான் சொல்வார்.

நிஜக் குடும்பத்திலும் ஒரு பெரியவர் இருந்தார். அவளுடைய மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தெருவிலும் சொந்தத்திலும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி வீட்டையே கிரேன் மாதிரி இயக்குவார். அதை இங்கே வை, இதை அங்கே வை. இப்போது கொஞ்ச நாளாகக் குரல் இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இதயத்தில் ஒரு வால்வு பழுது, ஆபரேஷன் பண்ணினால் பிழைத்துக்கொள்வார், பண்ணாவிட்டால் இந்த வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

கிழவர் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். காரணம் கேட்டால், "இத்தனை வயசுக்கு மேல கத்தி என்னத்துக்கு" என்பார். ஒரே ஒரு தடவை, கண்ணாடிக்காரி மாத்திரை கொடுக்கும்போது, வாய் தவறிச் சொல்லிவிட்டார். "மூத்தவன் ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்." சொன்ன கையோடு, "இதை எவன்கிட்டயும் சொல்லி வைக்காதே" என்று அதட்டினார்.

தூரப்பார்வையின் அண்ணன்தான் அந்த மூத்தவர். அவர் எப்படி வருவார்? மாமியார் இறந்த அன்று அவர் வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். ரயில் வழியில் நின்றுவிட்டது. காத்திருங்கள், காத்திருங்கள் என்று போன் மேல் போன் பண்ணினார். பெரியவர் காத்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது, எடுங்கள் என்று சொல்லிவிட்டார். மூத்தவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நடுவீட்டில் நின்று, "இனிமே உங்க சாவுக்குத்தான் இந்த வீட்டு வாசப்படி மிதிப்பேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்தான். வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு, ஒரே மூக்கு.

நடுவில் கிடந்து இடிபட்டது கண்ணாடிக்காரி. "அவன் எப்படி இருக்கானாம்னு கேளு" என்று இவர். "அந்த ஆளு மாத்திரை சாப்பிடறாரான்னு பார்த்துக்கோம்மா" என்று அவர். ஆபரேஷன் விஷயத்தை எடுத்துச் சொல்லி, ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் அத்தான் என்று கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "நான் சொன்ன சொல்லு சொன்னதுதாம்மா" என்று போனை வைத்துவிட்டார். தபால்காரி வேலைக்காவது சம்பளம் கொடுப்பார்கள். தம்பி என்று இன்னொருத்தர் இருக்கிறாரே, அவர் ஏதாவது பேசிப் பார்க்கக் கூடாதா என்றால், அவர் தீவில் இருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தீவில்தான் இருந்தார். விடிவதற்குள் படகேறிவிட்டார். வீட்டில் முதல்நாள் சாயங்காலம் போன கரண்ட் இன்னும் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் மாமனாருக்குக் குடிக்க வெந்நீர் வைத்து, துணியை அலசி, கை ஈரத்தைத் துடைக்கும்போது போன் அடித்தது. சார்ஜ் உயிரை விடப் போகிற நிலையில் இருந்தது. நாத்தனார்.

எடுத்ததும் ஒரே விசும்பல். "அண்ணி, எப்ப போச்சு?"

நாத்தனார் இருப்பது அடுத்த ஊர். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கண்ணாடிக்காரி கொஞ்சம் யோசித்தாள். ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரே லைன்தான், அங்கேயும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலமே போயிடுச்சு" என்றாள் அலுப்போடு.

"நேத்தேவா? எங்களுக்கு ஏன் அண்ணி சொல்லலை?"

"இதையெல்லாமா போன் போட்டுச் சொல்லிக்கிட்டிருப்பாங்க? எனக்கே கையும் ஓடலை, காலும் ஓடலை. குளிக்க வைக்கக் கூடத் தண்ணி இல்லை."

மறுமுனையில் அழுகை வெடித்தது. "ஆளுங்க வந்தாச்சா?"

"வரேன் வரேன்னுதான் சொல்றானுங்க. ஏணியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வந்து பார்த்துட்டுப் போனான்."

"ஏணியா?" என்று நாத்தனார் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. ஒரு கரண்ட் கட்டுக்கு இத்தனை அழுகையா, என்ன குடும்பமோ என்று முணுமுணுத்தபடி கண்ணாடிக்காரி துணியை உதறினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மாடியேறி வந்தாள். கண் கலங்கி, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். ஜன்னலோரத்தில் பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என் சட்டைக்குப் பட்டன் வச்சியா இல்லையா? கொடுத்து எத்தனை நாளாச்சு?" என்றார்.

தையல்காரம்மா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கைத்தாங்கலாகச் சமையலறைக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணி போன் அணைந்திருக்கிறது என்று நாத்தனார் தையல்காரம்மாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ராத்திரி பூராவும் பிணத்தை வைத்துக்கொண்டு அண்ணி தனியாகக் கிடக்கிறாள், பாவம், போய்ப் பாருங்கள் என்று அழுதிருக்கிறாள்.

கண்ணாடிக்காரி அவள் போனை வாங்கி நாத்தனாரைக் கூப்பிட்டாள். "உங்க அப்பா கல்லு மாதிரி உட்கார்ந்து டீ குடிக்கறார். யாருடி உனக்கு இப்படிச் சொன்னது?"

நாத்தனார் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் கோபப்பட்டாள். "சின்னண்ணன்தான் அண்ணி. குடும்பத்துல போட்டிருக்கார்." படித்தும் காட்டினாள். 'பெரியவர் போயிட்டார். காலையில வந்து பார்த்தேன், இடம் காலியா இருக்கு. மனசு சரியில்லை. எல்லாருக்கும் சொல்லிடுங்க.'

கண்ணாடிக்காரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கழுகு மரத்தில் இல்லை. இந்த மனுஷன் 'நம்ம குடும்பத்'தில் போட வேண்டியதைக் 'குடும்ப'த்தில் போட்டுவிட்டார். தீவில் வெளிச்சக்கூண்டுப் படியில் நின்றால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். செய்தியைப் போட்டுவிட்டு, போனைப் பையில் திணித்துக்கொண்டு, கழுகைத் தேடிச் சேற்றில் இறங்கியிருப்பார். பெற்ற அப்பாவுக்கு உயிரோடு இருக்கும்போதே சங்கு ஊதிவிட்டு, அங்கே பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

"அதுக்குக் கீழ எல்லாரும் இரங்கல் போட்டாங்க அண்ணி. அப்புறம் சின்னண்ணன் இன்னொண்ணு போட்டிருக்கார், அதான் யாருக்கும் புரியலை."

"என்னன்னு?"

நாத்தனார் தயங்கித் தயங்கிப் படித்தாள். 'யாரும் ரொம்ப வருத்தப்படாதீங்க. பக்கத்துத் தீவுல வேற ஜோடி சேர்ந்திருப்பார்னு நினைக்கறேன்.'

கண்ணாடிக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுபடி படியேறி சிக்னலுக்கு வந்து, இரங்கலைப் பார்த்துக் கும்பலுக்குத்தான் கழுகு மேல் எத்தனை பாசம் என்று நெகிழ்ந்து போய் ஆறுதல் சொல்லியிருக்கிறார் மகான். சித்தப்பா ஒருத்தர், 'துக்கத்துல புத்தி பேதலிச்சிடுச்சு, யாராவது பக்கத்துல இருங்க' என்று பதில் போட்டிருந்தாராம்.

"சரி, நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றாள் நாத்தனார். "முதல்ல பெரியண்ணனுக்கு. அவர் கார் பிடிச்சுக் கிளம்பிட்டார் அண்ணி. போன்ல அவர் அழுததை நீங்க கேட்கணும். சின்னப் புள்ளை மாதிரி அழுதார்."

கண்ணாடிக்காரி சமையலறைக் கதவிடுக்கு வழியாக ஹாலைப் பார்த்தாள். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மார்பில் கை வைத்து, மூச்சு சீராகட்டும் என்று கண்ணை மூடியிருந்தார். டீ குடித்தால்கூட இப்போது தினமும் அப்படித்தான்.

"அவருக்குச் சொல்லாதே" என்றாள்.

"என்ன அண்ணி?"

"மத்த எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா போன் பண்ணிச் சொல்லு. குரூப்ல எழுதாதே. பெரியத்தானுக்கு மட்டும் சொல்லாதே."

"பாவம் அண்ணி. வழி பூரா அழுதுக்கிட்டே வருவார்."

"வரட்டும்."

"இது பாவம் இல்லையா?"

"பாவம்தான். அது என் தலையிலேயே விடியட்டும். உயிரோட இருக்கார் வாங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. செத்துட்டார்னு கேட்டதும் கார் பிடிச்சுக்கிட்டு வரார். இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு இதான் பாஷைன்னா அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்கப்புறம் உதறின துணியையே மறுபடியும் உதறினாள். அந்த மனிதரை அப்படி அழவைக்க நமக்கு என்ன உரிமை என்று ஒரு நிமிஷம், வேறு வழி என்ன இருந்தது என்று மறு நிமிஷம். தையல்காரம்மா போகிற மாதிரி இல்லை. என்னதான் நடக்கும் என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவளை வெங்காயம் உரிக்க உட்கார வைத்தாள்.

மத்தியானம் வாக்கில் தூரப்பார்வை வந்து சேர்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது, முகத்தில் ஒரே சோகம். "பெரியவரைக் காணோம்" என்றார்.

"அதோ உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளுங்க" என்று சமையலறைக்குள் இழுத்துப் போனாள். அவர் போனையே வாங்கி, அவர் எழுதியதை அவர் கண்முன்னாலேயே நீட்டினாள். தூரப்பார்வை படித்தார். குரூப்பின் பேரைப் படித்தார். முழி பிதுங்கியது.

"இது நம்ம குடும்பம் இல்லையா?"

"இதுதாங்க நம்ம குடும்பம். அதான் பிரச்சினை."

"ஐயையோ. வேற ஜோடின்னு எழுதிட்டேனே. சித்தப்பா என்ன நினைச்சிருப்பார்?"

"அப்பாவைக் கொன்னது பரவாயில்லை, சித்தப்பா என்ன நினைப்பாரோன்னு கவலையா?"

உடனே மறுத்து எழுதப் போன விரலைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணன் வந்துகொண்டிருக்கிறார், எதுவும் எழுதக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது என்று காதோடு சொன்னாள். தூரப்பார்வை அவளையே பார்த்தார். அந்த மனுஷன் அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும். "உள்ள வந்ததும் என்னை அடிப்பான்" என்றார்.

"அடிக்கட்டும். வாங்கிக்கோங்க."

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. படியில் கனமான காலடி. மூத்தவர் வாசலில் நின்றார். தலை நரைத்துவிட்டிருந்தது. கண் வீங்கி, சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். கையில் பெரிய மலர் வளையம். வாசலில் கூட்டம் இல்லை, அழுகை இல்லை, வெங்காய வாசனைதான் இருந்தது. அது எதையும் அவர் கவனிக்கவில்லை. எதிரே நின்ற தம்பியை மட்டும்தான் பார்த்தார்.

"வேற ஜோடியா? அப்பாவைப் பத்தி இப்படியாடா எழுதுவே?" என்று சட்டையைப் பிடித்தார். "எப்ப எடுக்கறீங்க? இந்தத் தடவையாவது முகத்தைப் பார்க்க விடுவீங்களா, மாட்டீங்களா?"

கண்ணாடிக்காரி குறுக்கே வந்து நின்றாள். "நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு தடுத்தேன் அத்தான். திட்டறதுன்னா அப்புறம் என்னைத் திட்டுங்க. இப்ப போய் முகத்தைப் பாருங்க."

ஹாலுக்குள் திரும்பியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. "யாரு, மூத்தவனா?" என்றார். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

மூத்தவர் தம்பியைப் பார்த்தார், தம்பியின் பெண்டாட்டியைப் பார்த்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று புரிந்து முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவாரோ என்று கண்ணாடிக்காரி நகர்ந்து வாசலை மறைத்து நின்றாள். போகவில்லை. மலர் வளையத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது அவரைவிட அகலமாக இருந்தது.

"ஆமாம்பா" என்றார். "சும்மாதான். பார்த்துட்டுப் போலாம்னு."

"பின்னால என்ன அது?"

 தையல்காரம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கிழவருக்கு இதயத்தில்தான் கோளாறு, மூளையில் இல்லை. வளையத்தைப் பார்த்தார், மகனின் வீங்கிய கண்ணைப் பார்த்தார், சின்னவனின் திருட்டு முழியைப் பார்த்தார். கணக்கு அவருக்குச் சரியாக வந்துவிட்டது.

"எனக்கா அது?"

"அப்பா..."

"நான் செத்தாத்தான் வருவேன்னு சொன்னே. வந்துட்டே. செத்ததாவே வச்சுக்கோ. உட்காருடா."

மூத்தவர் உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில், அப்பாவின் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தார். வழியெல்லாம் எதை நினைத்து அழுதாரோ தெரியாது, இப்போது மறுபடியும் அழுதார். அழுகைக்கு நடுவில், இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "ஏம்பா அன்னிக்கு எனக்காகக் காத்திருக்கலை? கொஞ்ச நேரம்தானேப்பா."

பெரியவர் அதட்டவில்லை. நேரமாகிவிட்டது, பெரியவர்கள் சொன்னார்கள் என்று காரணம் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவளை அப்படிப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியலைடா. கூப்பிட்டா எழுந்திருச்சிடுவா மாதிரியே இருந்தா. கண்ணுல படாம அனுப்பிட்டாப் போதும்னு ஆயிடுச்சு. நீ வந்துக்கிட்டிருக்கேங்கறது எனக்கு ஞாபகமே இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன்கிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றது? அம்மா செத்தப்ப உன்னை மறந்துட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

 மூத்தவர் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை வைத்துக்கொண்டார். தூரப்பார்வை சேற்றுக் காலோடு கதவோரமாக நின்று, எதையும் தவறவிடக் கூடாது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. இந்த நாலு வார்த்தையைச் சொல்ல இத்தனை வருஷமா? இதற்கா இவள் இரண்டு பக்கமும் தூது போய்த் தேய்ந்தாள்? மூக்கைச் சிந்திவிட்டு, எல்லாருக்கும் சோறு போடத் திரும்பினாள்.

"இரும்மா" என்றார் பெரியவர். "ஆபரேஷனுக்கு எத்தனை நாள் ஆகும்னார் டாக்டர்?"

"முன்ன பின்ன ஒரு வாரம் மாமா."

"அவனுக்கு எத்தனை நாள் லீவுன்னு கேளு."

கண்ணாடிக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உங்க காலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கார்? வாயில என்ன இருக்கு? நீங்களே கேளுங்க."

கிழவர் மருமகளை முறைத்தார். முறைப்பு பலிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து, மகனின் நரைத்த தலையைப் பார்த்துக் கேட்டார். "எத்தனை நாள்டா லீவு?"

மூத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். "அப்பா செத்துட்டார்னு சொல்லிட்டு வந்தேன். பத்து நாள் கொடுத்திருக்காங்க."

"போதும்" என்றார் பெரியவர். "அதுக்குள்ள முடிச்சிடச் சொல்லு."